கோடையில் நெடுந்தூர சைக்கிள் பயணம்: தண்ணீரின் குளிர்ச்சியைக் காப்பது எப்படி?

கேள்வி: மே மாதத்தில் சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்குச் சைக்கிளில் செல்ல இருக்கிறேன். பிரேமில் இரண்டு பாட்டில்களுக்கே இடம் உள்ளது. ஃபிரிட்ஜில் குளிரவைத்த தண்ணீரும் ஒரு மணி நேரத்தில் சூடாகிவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கொண்ட இப்பயணத்தில் நீங்கள் ஏழு மணி நேரமாவது சைக்கிள் மிதிக்க வேண்டியிருக்கும். கோடை வெயிலில் மணிக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை வியர்வையாக வெளியேறுவது இயல்பு என்பதால், முழுத் தேவையையும் சுமந்து செல்வது இயலாது. கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம், மரக்காணம் என வழியெங்கும் தண்ணீர் கிடைக்கும். ஆகவே இரண்டு மணி நேரத்துக்கான இரண்டு லிட்டர் எப்போதும் கையில் இருந்தால் போதும்.

நீங்கள் எடுத்துச் செல்ல வேண்டியது குளிர்ந்த நீரை அன்று, பனிக்கட்டியை. ஒரு கிராம் பனிக்கட்டி உருகுவதற்கு மட்டும் தேவைப்படும் வெப்பம், அதே அளவு நீரைப் பூஜ்யத்திலிருந்து 80 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கப் போதுமானது. பாட்டிலில் பாதியளவு நீர் நிரப்பி, முந்தைய இரவே ஃப்ரீசரில் சாய்த்து வைத்துவிட்டு, புறப்படும்போது மீதியைக் குளிர்ந்த நீரால் நிரப்புங்கள். முழுவதும் நிரப்பி உறையவைத்தால், நீர் உறையும்போது ஒன்பது சதவீதம் அளவுக்கு விரிவதால் பாட்டில் விரிசல் விடக்கூடும். உறைந்த கட்டியிலிருந்து உடனே குடிக்கவும் முடியாது.

இரண்டாவதாக, ஒரு லிட்டர் ஸ்டீல் வெற்றிடக் குடுவையில் பனிக்கட்டித் துண்டுகளையும் நீரையும் நிரப்பிப் பின் கேரியரில் கட்டிக்கொள்ளுங்கள். அதிலிருந்து நேரடியாகக் குடிக்காமல், நிறுத்தும் இடங்களில் கடையில் வாங்கிய நீரோடு கலந்து பிரேம் பாட்டிலில் ஊற்றிக்கொள்வதே என் பரிந்துரை. ஓடும் சைக்கிளில் திருகு மூடியைத் திறப்பது ஆபத்தானது. கடலோர ஊர்களில் மீன் பதப்படுத்தப் பயன்படும் ஐஸைக் குடிநீரில் ஒருபோதும் சேர்க்காதீர்கள்.

பாட்டிலுக்கு ஈரமான பருத்திக் காலுறை போடுவது மண்பானையின் தத்துவமே. திருச்சி, மதுரைப் பக்கத்து வறண்ட காற்றில் அது நன்றாகவே பலன் தரும். ஈரப்பதம் மிகுந்த கடற்கரைச் சாலையில் நீர் ஆவியாவது குறைவு என்பதால், அதை நம்பியிருக்க வேண்டாம்.

குளிர்ச்சியைவிட நான் அதிகம் கவலைப்படுவது உப்பைப் பற்றித்தான். வெறும் தண்ணீரையே லிட்டர் கணக்கில் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, குமட்டல், குழப்பம் ஏற்படலாம். இளநீரில் பொட்டாசியம் நிறைய இருந்தாலும் சோடியம் குறைவு. எனவே ஓஆர்எஸ் கரைசலையோ உப்பிட்ட மோரையோ இடையிடையே அருந்துங்கள். உங்கள் அளவை அறிய, இதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் ஓட்டி, ஓட்டுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு லிட்டர் எனக் கணக்கிட்டு, வழியில் குடித்த நீரையும் அதனுடன் கூட்டி இரண்டால் வகுத்தால், ஒரு மணி நேரத்தில் நீங்கள் இழக்கும் நீரின் அளவு தெரிந்துவிடும்.