வேலை இருந்தும் ஊரைவிட்டுப் போனவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

சமூகவியலாளர் யான் பிரேமன் தெற்கு குஜராத்தில் செய்த ஆய்வைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பழைய பண்ணைகளில் நிலக்காரர் கடன் கொடுத்தார், சோறு போட்டார், நோய்நொடியில் பார்த்துக்கொண்டார். கூலிமுறை வந்ததும் எல்லாம் போயிற்று. அப்படியென்றால் அந்தக் காலமே தேவலை என்கிறாரா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இல்லை. 1960களின் தொடக்கத்தில் அவர் அங்கே போனபோது ஹாலி முறை, அதாவது கடனுக்காக நிலக்காரரிடம் கட்டுண்டு உழைக்கும் பண்ணையாள் முறை, ஏறக்குறைய முடிந்திருந்தது. அதில் வாழ்ந்தவர்கள் இருந்தார்கள். நிலம் அனாவில் பிராமணர்களுடையது, உழைப்பு துப்ளா என்ற பழங்குடியினருடையது. ஹல்பதிகள் என்று பின்னால் அழைக்கப்பட்டவர்கள் இவர்கள்தான். கல்யாணச் செலவுக்குக் கடன் வாங்கும் நாளிலிருந்து துப்ளா நிலக்காரரின் ஆள். அவன் மனைவி அந்த வீட்டுத் தொழுவத்தைக் கூட்டுவாள், சாணி அள்ளுவாள், தண்ணீர் சுமப்பாள். தானியமும் துணியும் குடிசைபோட இடமும் கிடைக்கும். கடன் மட்டும் அடையாது. அடையவேண்டும் என்று நிலக்காரரும் நினைக்கவில்லை.

ஏர் பிடிப்பது அனாவிலுக்கு இழுக்கு. தன்னிடம் எத்தனை ஆள் என்பதில்தான் அவருடைய கௌரவம். நீங்கள் சொல்லும் சோறு அந்தக் கௌரவத்துக்காகப் போட்டது. பிள்ளைகள் படித்து நகரத்துக்குப் போனார்கள், வயல் மாந்தோப்பானது, கௌரவத்துக்கு வேறு வழிகள் வந்தன. சோறு நின்றது. நிலச்சீர்திருத்தமும் குத்தகைக்காரருக்குத்தான் பயன்பட்டது. ஹல்பதிக்குக் குத்தகை நிலம்கூட இல்லையே.

இதற்கு அப்புறம் நடந்ததுதான் என்னை உலுக்குகிறது. தெற்கு குஜராத்தின் பர்தோலிப் பக்கம் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் வந்தன, கரும்பு பெருகியது. உள்ளூரில் வேலைக்குப் பஞ்சமில்லை. ஆனால் கரும்பு வெட்டுக்கு மகாராஷ்டிரத்தின் கான்தேஷ் பகுதியிலிருந்து ஆள் கூட்டி வந்தார்கள். ஆண் வெட்ட, பெண் தோகை கழித்துக் கட்ட, கூடமாட ஒரு பிள்ளை. கூலி மூவருக்கும் சேர்த்து டன் கணக்கில். தங்குவது திறந்த வெளியில், மூங்கில் பாய்க்கு அடியில். ராத்திரி வண்டி வந்தாலும் எழுந்து ஏற்றவேண்டும். முன்பணமும் சாப்பாட்டுத் தானியமும் கழித்து மீதிக் கூலி சீசன் முடிந்துதான் கைக்கு வரும். நடுவில் போனால் அதுவும் போச்சு.

உள்ளூர் ஹல்பதியை இப்படிக் கட்டிப்போட முடியாது. அவனுக்குப் பக்கத்திலேயே வீடு இருக்கிறது, கேட்க சாதிசனம் இருக்கிறது. பிரேமன் காட்டும் காரணம் இதுதான். நிலக்காரர்கள் சொன்னது வேறு: ஹல்பதி சோம்பேறி, குடிகாரன், நம்பமுடியாது. அந்தப் பகுதி ஹல்பதிகளோ மழைக்காலப் பசிக்கு மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கி, மும்பைப் பக்கம் செங்கல் சூளைகளில் அடுத்த மழைவரை குடும்பத்தோடு கல் அறுத்தார்கள். சோம்பேறிக்கு எந்தச் சூளைக்காரர் முன்பணம் கொடுப்பார்?