வால்வு மேசை: தாத்தா மாற்றிய ஆம்ப்ளிஃபயர்

கேள்வி (தஞ்சாவூர் வாசகி): என் தாத்தா ஹாம் ரேடியோக்காரர், அதாவது உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக வயர்லெஸ்ஸில் பேசுகிறவர். அவர் போன பிறகு பரணைச் சுத்தம் செய்தபோது பச்சை நிற இரும்புப் பெட்டி ஒன்று கிடைத்தது. ‘ஆம்ப்ளிஃபயர் ஆர்.எஃப். நம்பர் 2’ என்று தகடு இருக்கிறது. உள்ளே உச்சியில் தொப்பி வைத்த 807 வால்வுகள் (கண்ணாடிக் குழாய்கள்) நான்கு. பெரிய டிரான்ஸ்பார்மர் ஒன்று பிற்பாடு பொருத்தியது போல இருக்கிறது. மூடியின் உள்பக்கம் பென்சிலால், ‘எச்.டி. 550. கை வைக்காதே. 12-8-59’ என்று தமிழில் எழுதியிருக்கிறார். பழைய ராணுவப் பொருள் சேகரிக்கும் நண்பர், தாத்தா போட்டதையெல்லாம் பிடுங்கிவிட்டு அசல் நிலைக்குக் கொண்டுவரச் சொல்கிறார். பிளக்கைச் செருகிப் பார்க்கலாமா? அசலாக்குவதா, அப்படியே விடுவதா?

பதில்: செருகாதீர்கள் அம்மா. மற்றதைச் சாவகாசமாகப் பேசலாம்.

இது 19-ஆம் எண் வயர்லெஸ் செட்டின் துணைப்பெட்டி. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் டாங்குகளுக்காக பை (Pye) என்ற நிறுவனம் வடிவமைத்த செட் அது. கனடாவிலும் ஏராளமாகச் செய்தார்கள். சோவியத் படைக்கும் அனுப்பியதால், கனடா செட்டுகள் பலவற்றின் முகப்பில் ஆங்கிலத்துக்குப் பக்கத்திலேயே ரஷ்ய எழுத்தும் இருக்கும். 2 முதல் 8 மெகாஹெர்ட்ஸ் வரை வேலை செய்யும். ஆனால் வெளியே போகிற சக்தி சில வாட்தான். அது போதாத இடத்துக்கு, நான்கு 807-ஐ இணையாகப் போட்ட இந்தப் பெட்டி. இந்திய ராணுவத்திலும் 19 செட் இருந்தது. நான் ராணுவத்தின் பழுதுபார்க்கும் பிரிவான ஈ.எம்.ஈ.யில் ரேடியோ மெக்கானிக்காகச் சேர்ந்த காலத்தில் அது பணியிலிருந்து போய்விட்டது. பயிற்சிக் கூடத்தில் மட்டும் ஒன்று இருந்தது. எங்கள் உஸ்தாத் அதைத் திறந்து வைத்துத்தான் வால்வுப் பாடம் நடத்தினார்.

ராணுவத்தில் இந்த ஆம்ப்ளிஃபயர் 12 வோல்ட் பேட்டரியில் ஓடியது. டைனமோட்டர் என்ற சுழலும் இயந்திரம் அந்த 12 வோல்ட்டை உயர் அழுத்தமாக மாற்றும், தாத்தா ‘எச்.டி.’ என்று எழுதியது இந்த உயர் அழுத்தத்தைத்தான். வீட்டில் உட்கார்ந்து பேசுகிற ஹாமுக்கு அது சரிப்படாது. பேட்டரியை உறிஞ்சும், இரைச்சலும் தாங்காது. அதனால் தாத்தா டைனமோட்டரை எடுத்துவிட்டு, வீட்டு மின்சாரத்தில் ஓடும்படி மாற்றியிருக்கிறார்.

அவர் எப்படி மாற்றினார் என்பதை முதலில் படியுங்கள். 807-இன் ஹீட்டருக்கு (உள்ளே சூடாகும் இழைக்கு) 6.3 வோல்ட், 0.9 ஆம்பியர் வேண்டும். 12 வோல்ட்டில் ஓட்டுவதென்றால் இரண்டிரண்டு வால்வாகத் தொடரில் இணைக்க வேண்டும். டிரான்ஸ்பார்மரில் ஓட்டுகிறவர் நான்கையும் இணையாக்கிவிடுவார். அப்போது மொத்தம் 3.6 ஆம்பியர் ஓடும். அதற்குத் தகுந்த தடிமனில் ஒயர் போட்டிருக்கிறாரா, சால்டர் பளபளவென்று சுத்தமாக இருக்கிறதா, ஒயர்களை நூலால் கட்டியிருக்கிறாரா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுங்கள். பிறகு ஒரு தாளில் சர்க்யூட்டை உங்கள் கையாலேயே வரையுங்கள். இரண்டு மூன்று நாள் பிடிக்கும், பரவாயில்லை.

நண்பர் சொன்னதை நான் ஏற்கவில்லை. முப்பது வருடத்துக்கு முன்னால் இதே போல ஒரு ஹாம் மாற்றியமைத்த ராணுவ ரிசீவர் என் கைக்கு வந்தது. அசலாக்குகிறேன் என்று அவர் சேர்த்ததையெல்லாம் கழற்றினேன், பெயின்ட்டைச் சுரண்டிப் புதிதாக அடித்தேன். முகப்பில் அவர் சின்னச் சின்னதாக எழுதி வைத்திருந்த அலைவரிசைக் குறிப்புகள் அதோடு போயின. அசல் பாகங்களும் முழுதாகக் கிடைக்கவில்லை. கடைசியில் அது ராணுவத்தின் செட்டாகவும் இல்லை, அந்த மனிதரின் செட்டாகவும் இல்லை. இன்றும் அதைப் பார்த்தால் மனசு கனக்கிறது. உங்கள் பெட்டி ராணுவத்தில் இருந்தது சில வருடம், தாத்தாவிடம் இருந்தது பல வருடம். அந்தப் பென்சில் எழுத்தின் மேல் துணிகூடப் படக்கூடாது.

ஆனால் ஆபத்தானதை மாற்றித்தான் ஆக வேண்டும். அதில் பாசத்துக்கு இடமில்லை.

முதலில் மின்கம்பி. அந்தக் காலத்து ஒயர் இரண்டு முனை பிளக்காகத்தான் இருக்கும். அதைத் தூக்கிவிட்டு மூன்று முனை ஒயர் போட்டு, எர்த்தைச் சேசிஸில், அதாவது பெட்டியின் இரும்புச் சட்டத்தில், நட்டு போட்டு இறுக்குங்கள். ஃப்யூஸ் லைன் பக்கம் இருக்க வேண்டும். லைனிலிருந்து சேசிஸுக்கு ஏதாவது கண்டென்சர் போட்டிருந்தால் வெட்டி எடுங்கள். அது கசிந்தால் பெட்டி முழுவதும் ஷாக் அடிக்கும்.

அடுத்து, எச்.டி. ஃபில்டர் கண்டென்சர்கள். அறுபது வருட எலக்ட்ரோலிட்டிக்கை நம்பவே கூடாது. 450 வோல்ட் கண்டென்சர் இரண்டைத் தொடரில் போடுங்கள். ஒவ்வொன்றின் குறுக்கிலும் 220 கிலோ ஓம் ரெசிஸ்டர், அழுத்தம் சரிபாதியாகப் பிரிவதற்கு. எச்.டி.க்கும் சேசிஸுக்கும் நடுவே 47 கிலோ ஓம், 20 வாட் ஒயர்வவுண்ட் ஒன்று நிரந்தரமாக இருக்கட்டும். சுவிட்சை அணைத்ததும் கண்டென்சரை அது காலி செய்யும். இது இல்லாத ஒரு பெட்டியில், பிளக்கைப் பிடுங்கி டீ குடித்துவிட்டு வந்து கை வைத்து, சுவரில் போய் மோதியிருக்கிறேன். ரெசிஸ்டர் போட்ட பிறகும் மல்டிமீட்டரில் பார்க்காமல் உள்ளே விரலை நீட்டாதீர்கள். ஒரு கை முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும்.

மெழுகு பூசிய காகிதக் கண்டென்சர்கள் இருந்தால் எல்லாவற்றையும் மாற்றுங்கள். மைக்கா கண்டென்சர்கள் பெரும்பாலும் இன்னும் நன்றாகவே இருக்கும். ரப்பர் உறை போட்ட ஒயர் தொட்டால் பொடியாக உதிரும், அதையும் மாற்றுங்கள். அடுக்கடுக்கான தகடுகளாக செலினியம் ரெக்டிஃபயர் (ஏ.சி.யை டி.சி.யாக்கும் பாகம்) இருந்தால் அதைப் பார்வைக்கு அப்படியே விட்டு, பக்கத்தில் சிலிக்கான் டையோடு போடுங்கள். செலினியம் எரிந்தால் வருகிற புகை நச்சு. சிலிக்கானில் அழுத்த இழப்பு குறைவு என்பதால் எச்.டி. கூடிவிடும், தொடரில் ஒரு ரெசிஸ்டர் போட்டு 550-க்குக் கொண்டுவாருங்கள்.

எண்ணெய் நிரப்பிய தகரக் கண்டென்சர் பிசுபிசுவென்று இருந்தால் கையுறை இல்லாமல் தொட வேண்டாம், உடைக்கவும் வேண்டாம். அந்தக் கால எண்ணெயில் பி.சி.பி. என்ற நச்சு இருக்கலாம்.

இதெல்லாம் முடிந்தபின் வால்வுகளைக் கழற்றிவிட்டு, 60 வாட் குண்டு பல்பைத் தொடரில் போட்டு மின்சாரம் கொடுங்கள். எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் சீரிஸ் போர்டுதான். பல்பு ஒரு கணம் எரிந்து மங்கினால் டிரான்ஸ்பார்மர் நலம். பிரகாசமாகவே நின்றால் எங்கோ ஷார்ட். ஒரு மணி நேரம் விட்டு, பிளக்கைப் பிடுங்கிவிட்டு டிரான்ஸ்பார்மரைத் தொட்டுப் பாருங்கள், மோந்தும் பாருங்கள்.

வால்வுக்குள் கண்ணாடியில் வெள்ளி போலப் பூச்சு தெரிய வேண்டும். அது பால் வெள்ளையாகியிருந்தால் காற்று நுழைந்துவிட்டது, வால்வு முடிந்தது. மாற்றாக 807 தவிர பிரிட்டிஷ் ராணுவத்தின் சி.வி.124, ரஷ்யாவின் ஜி-807 இரண்டும் பொருந்தும். இன்னொன்று: பாதுகாப்புக்கு என்று உச்சித் தொப்பியைக் கழற்றிவிட்டு எச்.டி. போடாதீர்கள். தொப்பியோடு இணைந்த ஆனோடுக்குப் போக வேண்டிய மின்னோட்டமெல்லாம், உள்ளே இருக்கும் ஸ்கிரீன் கிரிட் என்ற கம்பி வலையில் பாய்ந்து அது பழுத்துவிடும். நல்ல வால்வுகள் பல இப்படித்தான் போயிருக்கின்றன.

தொப்பிக்குப் போகிற ஒயரில், சின்ன ரெசிஸ்டர் மேல் நாலைந்து சுற்றுக் கம்பி சுற்றியிருக்கும். வேண்டாத இடத்தில் ஊசலாட்டம் வராமல் தடுப்பது அதுதான். நாலு வால்வு இணையாக இருக்கும் பெட்டியில் அதை எடுக்கவே கூடாது.

கேள்வி (மதுரை வாசகர்): என்னிடம் இருக்கும் அமெரிக்க பி.சி.-457 டிரான்ஸ்மிட்டரில் 1625 வால்வு போய்விட்டது. 807-ஐப் போடலாமா?

பதில்: நேராகப் போட முடியாது. உள்ளே இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் 1625-க்கு ஹீட்டர் 12.6 வோல்ட், அடியில் ஏழு முனை. 807-க்கு ஐந்து முனை. சாக்கெட்டை மாற்றி, ஹீட்டர் இணைப்பையும் மாற்ற வேண்டிவரும். அதற்காகச் சேசிஸை வெட்டாதீர்கள். 1625 இன்னும் கிடைக்கிறது.

கேள்வி (நாகர்கோவில் வாசகர்): போர்க்கால மீட்டர் ஒன்றில் எண்கள் மஞ்சளாகிப் போயிருக்கின்றன. இருட்டில் ஒளிரவும் இல்லை. சுரண்டிப் புது பெயின்ட் அடிக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். அது ரேடியம் கலந்த பூச்சாக இருக்கலாம். ஒளிரவில்லை என்பதால் தீர்ந்துவிட்டதாக நினைக்காதீர்கள். கூடக் கலந்திருந்த துத்தநாக சல்ஃபைடுதான் தேய்ந்து போயிருக்கிறது. ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1600 வருடம். கண்ணாடி மூடியபடி, மேசையின் ஓரத்தில் இருக்கிறவரை பெரிய தொந்தரவு இல்லை. சுரண்டினால் வருகிற தூசி மூச்சில் போவதுதான் மோசம். மீட்டரைத் திறக்காமல் வெளியே மட்டும் ஈரத் துணியால் துடையுங்கள். வெப்ப நாடுகளுக்கு அனுப்பிய சில செட்டுகளில் பூஞ்சை பிடிக்காமல் வார்னிஷ் பூசியிருப்பார்கள், அதில் பாதரசச் சேர்மம் இருப்பதுண்டு. அந்த இடத்தில் சால்டரிங் அயர்ன் வைப்பதற்கு முன் ஜன்னலைத் திறந்து, புகை முகத்துக்கு வராமல் ஃபேனைத் திருப்பி வையுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர் வாசகி, அதே கடிதத்தில்): சரியாகிவிட்டால் ஏரியல் மாட்டிப் பேசிப் பார்க்கலாமா? தாத்தாவின் உரிமம் இருக்கிறது.

பதில்: அந்த உரிமம் அவர் பெயருக்கு மட்டும்தான். நீங்கள் ஹாம் தேர்வு எழுதி உங்கள் பெயரில் வாங்க வேண்டும். 12 வயது நிறைந்தவர்கள் எழுதலாம். அடிப்படை மின்னியலும் விதிகளும் கேட்பார்கள். இந்தப் பெட்டிக்கு சர்க்யூட் வரைந்து முடித்தால் பாதிப் பாடம் படித்தது போல. உரிமம் வரும்வரை டிரான்ஸ்மிட்டரோடு இணைத்து ஓட்ட வேண்டாம், ஹீட்டர், எச்.டி. அளவுகளோடு நிறுத்துங்கள். வந்தபிறகும் முதல் ஓட்டம் ஏரியலில் வேண்டாம், ஏரியலுக்குப் பதிலாக மாட்டும் 50 ஓம் ரெசிஸ்டரான டம்மி லோடில் செய்யுங்கள். அன்றைக்கு அளந்த எச்.டி.யைத் தேதி போட்டு, மூடியில் தாத்தா எழுதியதற்குக் கீழே பென்சிலால் எழுதி வையுங்கள்.