செல்லோ (வயலின் குடும்பத்துப் பெரிய தந்திக் கருவி) கலைஞர் யானோஷ் ஸ்டார்க்கரை ஏன் கோடாயின் சொனாட்டாவோடு சேர்த்தே பேசுகிறார்கள்?

ஹங்கேரிய இசையமைப்பாளர் கோடாய் 1915இல் செல்லோ ஒன்றுக்கு மட்டுமே எழுதிய சொனாட்டாதான் ஸ்டார்க்கரை வெளியுலகுக்குக் காட்டியது. அதை அவர் வாசித்துப் பதிந்த இசைத்தட்டுக்கு 1948இல் பிரான்சின் 'கிராண்ட் ப்ரீ டு டிஸ்க்' விருது கிடைத்தது.

வாசிப்பதில் முதல் சிக்கல் சுருதி. கீழ்த்தந்திகள் இரண்டையும் அரைச் சுரம் இறக்க வேண்டும்: 'ஜி' தந்தி 'எஃப் ஷார்ப்' ஆகும், 'சி' தந்தி 'பி' ஆகும். மேடையேறும் நேரத்தில் இறக்கினால் தந்தி நிலைகொள்ளாது, சுருதி நகரும். முன்கூட்டியே இறக்கிப் பழக்குங்கள்.

ஸ்டார்க்கர் 1924இல் புடாபெஸ்டில் பிறந்தவர். அண்ணன்மார் இருவரையும் நாஜிகள் கொன்றார்கள். 1948இல் அமெரிக்கா போனார்; டல்லாஸ் சிம்பொனி, மெட்ரோபாலிட்டன் ஓபரா, பிறகு ஃபிரிட்ஸ் ரைனர் நடத்திய சிகாகோ சிம்பொனி என்று இசைக்குழுக்களில் வாசித்தார். 1958 முதல் இந்தியானா பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தார். அவர் வாசிப்பு உணர்ச்சியற்றது என்பார்கள் சிலர். அடக்கமான வைப்ரேட்டோவை (தந்தியில் விரலை அசைத்துச் சுரத்தை அதிரவைப்பதை) குறை என்று நான் சொல்லமாட்டேன்.