"வெறும் மாத்திரைதானே?" என்று நானும் கேட்டவன்

அம்மாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய் அறுவை சிகிச்சை முடிந்து கேபசிடபின் என்ற கீமோ மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்றும், "ஊசி இல்லை, வெறும் மாத்திரைதானே, ஒரு வேளையும் தவறாமல் கொடுத்துவிட்டால் போதுமா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். ஒரு வேளையும் தவறாமல் கொடுத்த புண்ணியவான் நான்.

அப்பாவுக்கு அப்போது 68 வயது. அதே நோய், அதே மாத்திரை. 14 நாள் மாத்திரை, 7 நாள் ஓய்வு, இது ஒரு சுற்று; மொத்தம் 8 சுற்றுகள். 500 மில்லிகிராம் மாத்திரை காலையில் மூன்று, இரவில் மூன்று. நான் ஓர் அட்டவணை தயாரித்து அலமாரிக் கதவில் ஒட்டினேன். சாப்பிட்டு முடித்த அரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், இரு வேளைக்கும் நடுவே ஏறத்தாழ 12 மணி நேரம் இருக்க வேண்டும், தண்ணீருடன் முழுசாக விழுங்க வேண்டும், உடைக்கவோ பொடிக்கவோ கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஒன்றுவிடாமல் செய்தேன். முதல் சுற்றில் 28 வேளை, 28 பச்சைக் குறி. மருத்துவரிடமே அந்தத் தாளைக் கொண்டுபோய்க் காட்டினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் சுற்றின் 9ஆம் நாள் அப்பா கைபேசியைத் தூக்கிக்கொண்டு வந்தார். விரலை வைத்தால் திறக்கவில்லையாம். கண்ணாடியைத் துடைத்தேன், கைரேகையை மறுபடி பதிவுசெய்தேன், மறுநாள் அதுவும் வேலை செய்யவில்லை. அது அண்ணன் வாங்கி அனுப்பிய கைபேசி. அண்ணன் தொலைவில் இருக்கிறார். ஞாயிறுதோறும் அழைத்து, "எதுவானாலும் என்னிடம் சொல்லு" என்பார், எதையாவது சொன்னால், "மருத்துவரிடம் கேட்டாயா?" என்பார். கேட்காமலா இருப்பேன்? இரவு 2 மணிக்குக் கழிவறைக் கதவுக்கு வெளியே நிற்பது யார் என்று ஒருநாளாவது கேட்டிருப்பாரா? சரி, இது இங்கே வேண்டாம். கைபேசி பழுது என்று சொன்னதும், "விலை உயர்ந்தது, சரியாகப் பயன்படுத்தத் தெரியவில்லை" என்று கோபித்துக்கொண்டார். அதை மட்டும் பதிவு செய்துவிடுகிறேன்.

கைபேசியில் கோளாறே இல்லை. விரலில்தான் ரேகை இல்லை. இந்த மருந்து உள்ளங்கையையும் உள்ளங்காலையும் பதம் பார்க்கும். முதலில் கூச்சம், எரிச்சல். பிறகு சிவந்து, வீங்கி, தோல் உரியும். கை-கால் தோல் பாதிப்பு என்று சொல்வார்கள். இந்த மருந்தால் ரேகை மங்குவதும் உண்டு. 2008ஆம் ஆண்டின் இறுதியில் சிங்கப்பூரைச் சேர்ந்த 62 வயதுக்காரர் ஒருவரை அமெரிக்க விமான நிலையத்தில் கைரேகை பதியவில்லை என்று நான்கு மணி நேரம் நிறுத்திவைத்தார்கள். அவரும் கேபசிடபின் எடுத்துக்கொண்டிருந்தவர். இந்தச் செய்தியை நான் படித்தது எல்லாம் முடிந்த பிறகு. அன்று படித்திருந்தால் கைபேசிக் கடைக்குப் போயிருக்க மாட்டேன்.

11ஆம் நாள் இரவு கழிவறைக் கதவுச் சத்தம் மூன்று முறை கேட்டது. "என்னப்பா?" என்றேன். "ஒன்றுமில்லை, தூக்கம் வரவில்லை" என்றார். காலையில் காலுறை போட்டுக்கொண்டு, பாதத்தின் ஓரத்தால் நடந்து வந்தார். மாத்திரையை நீட்டினேன். "இந்த ஒரு வேளை வேண்டாமே" என்றார். "நோய் விடுமுறை எடுக்குமா அப்பா?" என்று கேட்டேன். என்னவோ பெரிய வசனம் பேசிவிட்டதாக நினைப்பு. மறுபேச்சுப் பேசாமல் விழுங்கினார். நானும் பச்சைக் குறி போட்டேன்.

மறுநாள் மாலை கழிவறையில் உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை.

மூன்று நாளாகப் பகலில் ஆறு முறை, இரவில் மூன்று முறை வயிற்றுப்போக்கு என்பது மருத்துவமனையில் அவர் வாயாலேயே சொன்ன பிறகுதான் எனக்குத் தெரியும். ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டேன். மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்று பயமாம். அப்புறம் மெதுவாக, "உன் அட்டவணை கெட்டுவிடுமே என்றும் பார்த்தேன்" என்றார்.

நான்கு நாள் நரம்பில் நீர் ஏற்றினார்கள். சிறுநீரகத்தின் வேலை குறைந்திருந்தது. மருத்துவர் விளக்கியதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். இந்த மாத்திரை புது மருந்தும் அல்ல, மென்மையான மருந்தும் அல்ல. உடலுக்குள் போய்ப் படிப்படியாக மாறி 5-ஃபுளோரோயூராசில் ஆகிறது. அது 1957இலேயே வந்த, நரம்பு வழியாக ஏற்றும் பழைய கீமோ மருந்து. கடைசி மாற்றத்தைச் செய்யும் நொதி புற்றுநோய்த் திசுவில் அதிகம் இருப்பதால் அங்கே கூடுதலாகச் சேரும் என்பதுதான் மாத்திரையின் சாமர்த்தியம். ஆனால் வேகமாகப் புதுப்பிக்கப்படும் குடலின் உட்தோலையும் வாயின் உட்தோலையும் இரத்த அணுக்களையும் அது விட்டுவைப்பதில்லை. வயிற்றுப்போக்கால் உடல் வறண்டால் சிறுநீரகம் தளரும். சிறுநீரகம் தளர்ந்தால் மருந்தின் நச்சு கூடும். நச்சு கூடினால் வயிற்றுப்போக்கு இன்னும் மோசமாகும். அந்தச் சுழலுக்குள்தான் நான் தண்ணீருடன் மூன்று மூன்று மாத்திரையாகக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"நரம்பில் ஏற்றும் மருந்தாக இருந்திருந்தால், இவர் நடந்துவந்த நடையைப் பார்த்ததுமே செவிலியர் ஊசியைக் கையில் எடுத்திருக்க மாட்டார். வீட்டில் அந்த வேலை உங்களுடையது" என்றார் மருத்துவர். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில்: போதாது. எப்போது கொடுக்கக்கூடாது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். எங்களுக்கு எழுதிக் கொடுத்த எல்லைகள் இவை. வழக்கத்தைவிட நாளுக்கு நான்கு முறையோ அதற்கு மேலோ கூடுதலாக வயிறு போனாலோ, இரவில் எழுந்து போக வேண்டியிருந்தாலோ, 24 மணி நேரத்தில் ஒரு முறைக்கு மேல் வாந்தி வந்தாலோ, சாப்பிட முடியாத அளவு வாய்ப்புண் வந்தாலோ, கை கால் வலியால் அன்றாட வேலை தடைபட்டாலோ அடுத்த வேளை மாத்திரையைத் தொடாமல் மருத்துவமனைக்குத் தொலைபேச வேண்டும். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸை, அதாவது 100.4 ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் நள்ளிரவானாலும் காத்திருக்கக் கூடாது. வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் கிருமித்தொற்று சில மணி நேரத்தில் முற்றிவிடும். நெஞ்சுவலி வந்தால் வாயு என்று சொல்லிக்கொண்டிருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். இந்த மருந்து இதய இரத்தக் குழாய்களைச் சுருங்கச் செய்யக்கூடியது.

இதைப் படித்துவிட்டு, "இவர் பயமுறுத்துகிறார், மக்கள் தாங்களாகவே மருந்தை நிறுத்திவிடுவார்கள்" என்று யாராவது கீழே எழுதப்போகிறீர்கள். தெரியும். நான் சொல்வது நிறுத்திவிட்டு அதே மணி நேரத்தில் தொலைபேசியை எடுப்பது. நிறுத்திவிட்டுச் சும்மா இருப்பது அல்ல. நான் மருத்துவரும் அல்ல, மருந்தாளுநரும் அல்ல. உங்கள் அம்மாவின் மருத்துவர் வேறு எல்லைகளைச் சொன்னால் அவர் சொல்வதே சரி. "என் மாமா எட்டுச் சுற்றும் ஒரு தும்மல்கூட இல்லாமல் முடித்தார்" என்று எழுத வருபவருக்கும் ஒரு வார்த்தை: மகிழ்ச்சி, அப்படி முடிப்பவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். ஒரே மருந்து ஆளுக்கு ஆள் மாறுவதற்குக் காரணமும் உண்டு. இந்த மருந்தை உடலில் சிதைப்பது டிபிடி என்ற நொதி. பிறவியிலேயே அது குறைவாக உள்ளவர்களுக்கு வழக்கமான அளவே நஞ்சாகிவிடும். தொடங்கும் முன்பே இதற்குப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2020இல் பரிந்துரைத்தது. உங்கள் அம்மாவுக்குச் செய்தார்களா என்று கேளுங்கள், கேட்பதில் தவறில்லை. முதல் சில நாட்களிலேயே கடுமையாக எதுவும் வந்தால் தாமதிக்க வேண்டாம் என்று சொல்வதும் இதனால்தான். யூரிடின் ட்ரைஅசிடேட் என்ற நச்சுமுறிவு மருந்து இருக்கிறது. ஆனால் கடைசி மாத்திரைக்குப் பிறகு 96 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டியது அது.

வீடு திரும்பியதும் நான் செய்ய நினைத்த அடுத்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். விட்டுப்போன வேளைகளை ஓய்வு வாரத்தில் கொடுத்து ஈடுகட்டிவிடலாமா என்று கேட்டேன். கூடவே கூடாது என்றார்கள். பக்கவிளைவால் விட்ட வேளை விட்டதுதான். மறதியால் ஒரு வேளை தவறினாலும் அடுத்த வேளை இரட்டிப்பாகக் கொடுக்கக் கூடாது.

மூன்றாம் சுற்றிலிருந்து அளவைக் குறைத்தார்கள்: ஒரு வேளைக்கு 500இல் இரண்டு, 150இல் ஒன்று. இரண்டு அளவும் வீட்டில் இருந்தால் குழப்பம் நிச்சயம். மாத்திரைகள் பார்ப்பதற்குக் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருந்தன. பெட்டிகளில் பெரிய எழுத்தில் எழுதி வேறு வேறு தட்டில் வைத்தேன். குறைத்துவிட்டால் மருந்து வேலை செய்யாதோ என்ற பயம் எனக்கும் இருந்தது. தாங்க முடிந்த அளவில் எட்டுச் சுற்றையும் முடிப்பதுதான் நோக்கம், பாதியில் படுப்பது அல்ல என்றார் மருத்துவர்.

தோலுக்கு யூரியா கலந்த களிம்பு கொடுத்தார்கள். வெந்நீர், இறுக்கமான செருப்பு, நெடுநேர நடை, கையால் துணி பிழிவது எல்லாம் தள்ளுபடி. எங்களுக்கு அப்போது சொல்லப்படாத ஒன்று: டைக்ளோஃபெனாக் என்ற வலிநீக்கிக் களிம்பைக் கைகளில் பூசிவந்தவர்களுக்கு இந்தத் தோல் பாதிப்பு வெகுவாகக் குறைந்ததாக டெல்லி எய்ம்ஸ் ஆய்வு ஒன்று 2024இல் வெளிவந்தது. 264 பேரில் செய்தது. ஓரளவு கடுமையான பாதிப்பு மற்றவர்களில் 15 சதவீதம், களிம்பு பூசியவர்களில் 3.8 சதவீதம். நீங்களாக வாங்கிப் பூசாமல் இதையும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

மற்ற மருந்துகள் பற்றி ஒரு பத்தி. சித்தி அன்போடு ஒரு சத்து மாத்திரைக் குப்பி கொண்டுவந்தார். அதில் ஃபோலிக் அமிலம் இருந்தது. அது இந்த மருந்தின் நச்சைக் கூட்டிவிடும் என்று மருந்தாளுநர் சொல்லித்தான் தெரியும். சித்திக்கு இன்றுவரை வருத்தம். அம்மா இரத்தம் உறையாமல் இருப்பதற்கான வார்ஃபரின் சாப்பிடுபவராக இருந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள்; இரத்தக்கசிவு ஆபத்து உண்டு, இரத்தப் பரிசோதனை அடிக்கடி வேண்டியிருக்கும். வலிப்புக்கான ஃபெனிடோயின், யூரிக் அமிலத்துக்கான அலோபியூரினால் ஆகியவற்றுக்கும் இதோடு ஒத்துப்போகாது. சின்ன மாத்திரைதானே என்று எதையும் பட்டியலிலிருந்து விடாதீர்கள்.

கொடுப்பவரின் பாதுகாப்பையும் யாரும் தொடக்கத்தில் சொல்வதில்லை. முதல் இரண்டு நாள் மாத்திரையைப் பிரித்துக் கொடுத்தது என் தங்கை, அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. மருத்துவமனையிலிருந்து நலம் விசாரிக்க அழைத்த செவிலியர் தற்செயலாகக் கேட்கப்போய் அலறிவிட்டார். கர்ப்பிணிகள் தொடவே கூடாது. மற்றவர்கள் கையுறை போட்டுக்கொண்டு, பிறகு கையைக் கழுவ வேண்டும். மீந்த மாத்திரைகளைக் குப்பையில் போடாமல் மருந்தகத்தில் திருப்பிக் கொடுங்கள்.

பழைய அட்டவணையைக் கிழித்துவிட்டு அப்பாவிடம் ஒரு நோட்டைக் கொடுத்தேன். குறி போடும் வேலை அவருடையது, எழுதும் வேலையும் அவருடையது. ஐந்தாம் சுற்றின் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது: "பகல் 2. இரவு 0. பாதம் சுமார். வாய் நலம். மகன் கோபம் இல்லை."

எட்டாவது சுற்று முடிந்து சில வாரங்கள் கழித்து, ஒரு மாலையில் கைபேசி அவர் விரலுக்குத் திறந்தது. நேராக அண்ணனை அழைத்தார். "உன் கைபேசியில் ஒரு குறையும் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறது" என்று சத்தமாகச் சொன்னார், எனக்கும் கேட்கட்டும் என்று.