வேன்காரர் பதில்கள்: காசல்ரீயில் இறங்கும் பிளேன்

கேள்வி: மகளும் மருமகனும் பேத்தியும் மூன்று வருஷத்துக்குப் பிறகு டொரன்டோவிலிருந்து வருகிறார்கள். மலைப்பாதையில் வேனில் வந்தால் பேத்திக்கு வாந்தி. கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குத் தண்ணீரில் இறங்கும் பிளேன் பிடித்து வந்து, திரும்பும்போதும் அதிலேயே போகலாம் என்று மருமகன் ஒற்றைக்காலில் நிற்கிறார். சரி என்று சொல்லலாமா?
ஓர் அம்மா, நோர்வூட்

பதில்: வரும்போது வரட்டும் அக்கா. போகும்போது வேண்டாம்.

வேன் ஓட்டிச் சோறு தின்றவன், பிளேன் என்றால் பொறாமைப்படுவான் என்று நினைக்காதீர்கள். அந்தப் பிளேனில் வந்த விருந்தாளிகளைப் படகுத்துறை ஜெட்டியில் நின்று ஏற்றிப் போனவன் நான். நாலரை மணி நேரப் பாதையை அரை மணி நேரத்தில் கடந்து, தலைமுடிகூடக் கலையாமல் இறங்குவார்கள். அதைப் பார்க்க எனக்கும் ஆசைதான்.

கஷ்டம் என்னவென்றால், கட்டுநாயக்கவில் இருப்பது ஒன்றும் காசல்ரீயில் கிடையாது. ஓடுபாதை இல்லை, விளக்கு இல்லை, பனிமூட்டத்துக்குள் வழிகாட்டும் கருவியும் இல்லை. பைலட் கண்ணால் பார்த்துத்தான் இறங்க வேண்டும். முதலில் மேலே ஒரு சுற்று வந்து, மரக்கட்டை மிதக்கிறதா, மீன்பிடி வள்ளம் குறுக்கே நிற்கிறதா என்று பார்ப்பார். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் மூக்கைத் திருப்புவார். அலை அடித்தால் கஷ்டம். தண்ணீர் கண்ணாடி மாதிரி அசையாமல் கிடந்தால் அதைவிடக் கஷ்டம் என்று ஒரு பைலட் சொன்னார். வானமும் மலையும் அப்படியே தண்ணீரில் தெரிவதால், எத்தனை அடி உயரத்தில் இருக்கிறோம் என்று கண்ணுக்குப் பிடிபடாதாம். சின்ன நெளிவு இருந்தால்தான் அவர்களுக்கு நிம்மதி.

இப்போது நம்ம ஊர் மூட்டத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு வெள்ளைக்காரத் தம்பதிக்கு இரவு பத்து மணிக்குக் கட்டுநாயக்கவில் பெரிய பிளேன். பகல் இரண்டு மணிக்கு ஜெட்டியிலிருந்து சின்னப் பிளேன். காலையில் வெயில் பளிச்சென்று இருந்தது. ஒரு மணிக்கு டிக்கோயாப் பக்கத்து மலை மறைந்தது. அப்புறம் கரையில் நிற்கும் 1878ஆம் வருஷத்து வார்லி சர்ச் மறைந்தது. கடைசியில் ஜெட்டியில் கட்டியிருந்த வள்ளமே தெரியவில்லை. மூன்றரைக்குத்தான் போன் வந்தது, பிளேன் வராது என்று. இரண்டு மணிக்கே சொல்லியிருந்தால் என்ன, காசா பணமா!

கினிகத்தேனை வளைவெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டே இறங்கினேன். அந்த அம்மா பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை. கித்துல்கலயில் மட்டும், "இன்னும் எத்தனை வளைவு?" என்று கேட்டார். "முடிந்துவிட்டது" என்று பொய் சொன்னேன். அவிசாவளையில் டிராபிக். போய்ச் சேர்ந்தபோது கவுன்டர் மூடியிருந்தது.

அதனால் மருமகனிடம் இப்படிச் சொல்லுங்கள். வருவதென்றால் ஜனவரி முதல் மார்ச் வரை, அதுவும் காலை நேரத்துப் பிளேன். மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை தென்மேல் பருவமழை, நம்பிக்கை வைக்காதீர்கள். பெரிய பிளேன் தாமதமானால் சின்னது காத்திருக்காது. இருட்டிவிட்டால் தண்ணீரில் இறங்கவும் முடியாது. ராத்திரியில் வந்து இறங்கினால் நீர்கொழும்பில் தூங்கிவிட்டுக் காலையில் ஏறட்டும்.

கனடாப் பெட்டிகளை மூட்டையோடு ஏற்ற விடமாட்டார்கள். காசல்ரீ கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேலே இருக்கிறது. காற்று மெலிவு, பிளேனுக்குக் கால் மாதிரி இருக்கும் மிதவையைத் தண்ணீர் வேறு பிடித்து இழுக்கும், எஞ்சினோ ஒன்றுதான். ஆளையும் சாமானையும் எடை பார்த்துத்தான் ஏற்றுவார்கள். டிக்கட் எடுக்கும்போதே எத்தனை கிலோ என்று கேட்டு, சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டியை விட்டுத் துணிப்பையில் கட்டச் சொல்லுங்கள். மற்றதை ஒரு வேனில் அனுப்பலாம். உங்களுக்குக் கொண்டு வரும் சொக்லேட் எந்தப் பையில் என்று மகளிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது ஒருநாள் முன்னதாகவே வேனில் இறங்கிவிடட்டும். பேத்தியை முன் சீட்டுக்குப் பின்னால், ஜன்னலோரம் உட்கார வையுங்கள். வெறும் வயிற்றோடு ஏற்றாதீர்கள், பால்டீயும் கொடுக்காதீர்கள். ரெண்டு கிரீம் கிரேக்கர் பிஸ்கட் போதும். கித்துல்கலயில் நிறுத்தி ஆற்றங்கரையில் பத்து நிமிஷம் நடக்க வையுங்கள்.

கேள்வி: வார்லி சர்ச் கிட்ட நின்று அந்தப் பிளேனைப் பார்த்தேன். மிதவை மூக்கில் சக்கரம் இருந்தது. தண்ணீரில் இறங்க எதற்குச் சக்கரம்?
ஒரு மாணவன், டிக்கோயா

பதில்: நல்ல கண் தம்பி உனக்கு. கட்டுநாயக்கவில் தரையில் ஓடி ஏறத்தான் சக்கரம். மேலே போனதும் மடக்கிவிடுவார்கள். மூக்குச் சக்கரம் மட்டும் மடக்கிய பிறகும் வெளியே தெரியும், அதைத்தான் நீ பார்த்திருக்கிறாய். மறந்துபோய்ச் சக்கரத்தை நீட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினால் பிளேன் குப்புறக் கவிழும். அதனால்தான் இறங்குமுன் பைலட் சக்கரம் மேலே இருக்கிறதா என்று ஒன்றுக்கு ரெண்டு தடவை பார்ப்பார். நோர்வூட் பேத்தியைக் கண்டால் இதைச் சொல்லிவிடாதே.