வலி ஜெல் டியூபைக் கடித்த நாய்

கேள்வி: ஒன்பது கிலோ எடையுள்ள எங்கள் நாய், அம்மாவின் மூட்டுவலி ஜெல் டியூபை முந்தாநாள் மாலை கடித்துக் குதறிவிட்டது. 30 கிராம் டியூபில் பாதியைக் காணோம். நாயை எங்களுக்கு விற்றவர் போனில் சொன்னபடி உப்புத் தண்ணீர் கொடுத்தோம், ஒருமுறை வாந்தி எடுத்தது. இப்போது விளையாடுகிறது. ஆனால் தண்ணீர் நிறையக் குடிக்கிறது. பயப்பட வேண்டுமா?
- ஒரு வாசகி, சேலம்

பதில்: ஆமாம். இன்றே கால்நடை மருத்துவரிடம் போங்கள். மிச்சமிருக்கும் டியூபையும் எடுத்துப் போங்கள்.

இந்த ஜெல்களில் பெரும்பாலும் இருப்பது டைக்ளோஃபெனாக். ஒரு சதவீத ஜெல் என்றால் 15 கிராமில் 150 மில்லிகிராம் மருந்து. நாம் விழுங்கும் 50 மில்லிகிராம் மாத்திரை மூன்றை ஒன்பது கிலோ நாய்க்குக் கொடுத்த மாதிரி. இது குடலைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதிகத் தாகம் சிறுநீரகம் தடுமாறுவதன் அறிகுறியாக இருக்கலாம். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். இன்று சரியாக இருந்தாலும் நாளையும் மறுநாளும் திரும்பப் பார்க்க வேண்டும். மலம் கருப்பாகப் போனால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று அர்த்தம்.

வாந்தி எடுக்க வைக்கும் நேரம் தாண்டிவிட்டது. அது முதல் இரண்டு மணி நேரத்துக்குள், மருத்துவர் ஊசி போட்டுச் செய்ய வேண்டிய வேலை. உப்புத் தண்ணீர் கொடுக்கவே கூடாது. வாந்தி வராவிட்டால் ரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்பு வரும், உயிரும் போகும். அதனால் சோடியத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

நாய் விற்றவர் அடுத்து "நானே வந்து ஒரு ஊசி போட்டுவிடுகிறேன்" என்பார். விடாதீர்கள். இப்படிப்பட்டவர்கள் எல்லாவற்றுக்கும் போடுவது ஸ்டீராய்டு ஊசி. டைக்ளோஃபெனாக்கோடு ஸ்டீராய்டு சேர்ந்தால் குடல்புண் ஓட்டையாகிவிடலாம். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு மனுஷ மாத்திரை கொடுப்பதும் அதே ரகம்தான்.

தடவும் மருந்துகளில் ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும்: சொரியாசிஸ் என்ற தோல் நோய்க்கான கால்சிபோட்ரியால். இதில் எவ்வளவு தின்றது என்று கணக்குப் போட்டுக்கொண்டு இருக்காதீர்கள். டியூபில் பல் பட்டிருந்தாலே கிளம்புங்கள். சின்ன நாய்க்குக் கொஞ்சம் போனாலே ரத்தத்தில் கால்சியம் ஏறி, சிறுநீரகத்தில் படிந்து, நாய் செத்துப்போகும். முதல் நாள் நன்றாகவே இருக்கும், அதுதான் ஆபத்து. கால்சியத்தைப் பல நாள் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். "விஷத்தை முறிக்கும்" என்று பால் ஊற்றாதீர்கள், பாலிலும் கால்சியம்தான் இருக்கிறது. க்ரீம் தடவிய தோலை நக்கவும் விடக்கூடாது.

டைக்ளோஃபெனாக் போட்ட மாடுகளின் சடலங்களைத் தின்று பாறு கழுகுகள் கூட்டம் கூட்டமாக அழிந்த பிறகு, 2006-ல் கால்நடைகளுக்கான டைக்ளோஃபெனாக்கை அரசு தடை செய்தது. ஆனால் மனிதர்களுக்கான டியூபில் "வளர்ப்புப் பிராணிகளுக்கு எட்டாமல் வையுங்கள்" என்று ஒரு வரி அச்சிட இன்னும் பலருக்கு மனம் வரவில்லை. 1962 என்ற எண்ணை அழைத்தால் வரும் கால்நடை ஆம்புலன்ஸ் வண்டியும் முக்கியமாக ஆடு மாடுகளுக்கானது. ராத்திரி பதினொரு மணிக்கு நாய் விஷம் தின்றால் யாரைக் கூப்பிடுவது? இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. உங்கள் ஊரில் இரவில் திறந்திருக்கும் கிளினிக் எது என்று இன்றே விசாரித்து, அந்த எண்ணைப் போனில் பதிந்து வையுங்கள்.