தீவுப் பள்ளியில் வேலை: சாயங்காலத்தை என்ன செய்வது?

கேள்வி: நான் கணித ஆசிரியை, வயது 28. மாலத்தீவில் ஒரு சின்னத் தீவுப் பள்ளியில் இரண்டு வருட ஒப்பந்தத்தில் வேலை கிடைத்திருக்கிறது. ஹாஸ்டலில்கூடத் தங்கிப் பழக்கமில்லை. தெரிந்தவர் ஒருவரும் இல்லாத இடத்தில் தாக்குப்பிடிப்பேனா? (வாசகி, விருதுநகர் மாவட்டம்)

பதில்: சம்பளத்தை விட்டுவிட்டு இதைக் கேட்டீர்களே, நல்லது. ஆறு வருடம் அங்கே வேதியியல் சொல்லிக்கொடுத்தவள் நான். பாதியில் பெட்டி கட்டியவர்கள் யாரும் பாடம் நடத்தத் தெரியாமல் கிளம்பவில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு மேல் என்ன செய்வதென்று தெரியாமல் கிளம்பியவர்கள்தான் அதிகம்.

பல தீவுகளை அரை மணி நேரத்தில் ஒரு சுற்று சுற்றிவிடலாம். பள்ளி ஞாயிறு முதல் வியாழன் வரை. வெள்ளியும் சனியும் விடுமுறை. கேட்கச் சின்ன விஷயம்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் எல்லோரும் கூடி உட்கார்ந்து வீடியோ கால் போடும்போது நீங்கள் வகுப்பில் இருப்பீர்கள். வெள்ளிக்கிழமை நீங்கள் சும்மா இருக்கையில் அவர்கள் வேலையில் இருப்பார்கள். முதல் மாதம் அழவைப்பது இதுதான். அதனால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு நேரம் குறித்துவிடுங்கள் (அங்கே கடிகாரம் நம்மைவிட அரை மணி பின்னால்). நாலு மணிக்கே போனை எடுத்துக்கொண்டு கட்டிலில் சாயாதீர்கள். தீவே வெளியே வந்து உட்காரும் நேரம் அது.

வீட்டு வாசலிலும் கடற்கரையிலும் 'ஜோலி' என்று கயிறு பின்னிய இருக்கைகள் கிடக்கும். அதில் போய் உட்காருங்கள். பெண்கள் 'பஷி' விளையாடுவார்கள். வலைக்கு முதுகைக் காட்டி நின்று, டென்னிஸ் மட்டையால் பந்தைப் பின்பக்கமாக அடிக்க வேண்டும். எதிரணி கையால் பிடிக்கும். நான் அடித்த முதல் பந்து என் தலையிலேயே விழுந்தது. அன்று சிரித்தவர்கள்தான் மறுநாள் கதவைத் தட்டிக் கூப்பிட்டார்கள்.

ஒரு தட்டின் கதையும் சொல்கிறேன். நான் போன இரண்டாவது வாரம், பக்கத்து வீட்டு அம்மா ஒரு தட்டில் 'பஜியா' அனுப்பினார். நம் சமோசா மாதிரி, உள்ளே சூரை மீன். தின்றேன், தட்டைக் கழுவினேன், கூச்சத்தில் மூன்று நாள் அலமாரியில் வைத்திருந்தேன். வெறும் தட்டைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று வளர்ந்தவளாயிற்றே! நாலாவது நாள் ஊரிலிருந்து கொண்டுபோன எள்ளுருண்டை நாலை வைத்து எடுத்துப்போனேன். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். அதன்பின் எனக்குக் காய்ச்சல் வந்தாலும் அந்த வீட்டுக்குத்தான் முதலில் தெரியும். ஊரையே நண்பராக்க வேண்டியதில்லை, இப்படி ஒரு வீடு போதும்.

திவேஹி மொழியைக் கண்டு மிரளாதீர்கள். எழுத்து வலமிருந்து இடமாக ஓடும், ஆனால் அவர்கள் தோணியும் 'தோணி'தான். 'மஸ்' என்றால் மீன். நம் மாசிக் கருவாட்டுக்குப் பேர்போன இடம் அது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றைப் பிடித்து எழுத்து சொல்லித்தரச் சொல்லுங்கள். மிஸ்ஸுக்குப் பாடம் எடுக்க அவ்வளவு ஆசையாக வரும்!

ஸ்டாஃப் ரூமில் மலையாளமும் தமிழும் கேட்கும். முதல் இரண்டு வாரம் அவர்கள்தான் உங்களுக்குத் துணை. தினமும் அங்கேயே உட்கார்ந்தீர்களானால் நிர்வாகத்தைப் பற்றிய அதே புலம்பலைத்தான் இரண்டு வருடமும் கேட்பீர்கள்.

தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளித்தால் படகு நிற்கும், காய்கறி வராது. பருப்பு, புளி, வற்றல் எப்போதும் இருப்பு வையுங்கள். அந்த நாட்களில் பக்கத்து வீட்டுக்கும் ரசம் கொடுக்கலாம். வழிபாட்டுச் சிலைகள் கொண்டுபோகத் தடை உண்டு. இதை ஊரிலேயே அம்மாவிடம் சொல்லிவிடுங்கள், விமான நிலையத்தில் மனசு உடைய வேண்டாம்.

இரண்டு வாரம் தொடர்ந்து தூக்கமில்லை, வகுப்புக்குப் போகும் முன் அழுகை வருகிறது என்றால் அது வெறும் வீட்டு நினைப்பு அல்ல. தீவுச் சுகாதார மையத்தில் சொல்லுங்கள். தேவைப்பட்டால் தலைநகர் மாலே போய் மருத்துவரைப் பாருங்கள். திரும்பி வருவதும் ஒரு வழிதான். அதற்காகவே கையெழுத்திடும் முன் நோட்டீஸ் காலம் எத்தனை நாள், டிக்கெட் செலவு யாருடையது என்று படித்துவிடுங்கள். சம்பளம் அந்த ஊர்ப் பணமான ரூஃபியாவில் என்றால், ஊருக்கு மாதம் எவ்வளவு டாலர் அனுப்பலாம் என்பதையும் வங்கியில் கேளுங்கள். பாஸ்போர்ட் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

எள்ளுருண்டை இரண்டு டப்பா. ஒன்று போதாது.